நம்ம தலையில மெகாபிக்ஸல் அரைக்கிறாங்க மக்கா!

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிசோறு தின்னுட்டு கண்ணசரப் போற நேரம் பார்த்து சித்தி பையன் போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு நல்ல கேமரா சொல்லுங்க. பட்ஜெட் அறுபதாயிரம்."

"என்னடா திடீர்னு?"

"அவளுக்கு ஏழாவது மாசம்ணே. அடுத்து வளைகாப்பு, அப்புறம் புள்ள பொறந்துரும். ராத்திரி வீட்டுக்குள்ள போன்ல எடுத்தா எல்லாம் மெழுகுபொம்மை மாதிரி வருது."

அட, பயலுக்கு நல்ல புத்தி வந்துருச்சேன்னு சந்தோஷப்பட்டு வாயைத் தொறக்குறதுக்குள்ள அடுத்ததைக் கேட்டான் பாருங்க.

"எத்தனை மெகாபிக்ஸல்ணே வாங்கணும்? கடைக்காரர் 24 எல்லாம் பழசு, 32-க்குப் போங்கங்குறாரு."

தூக்கம் போச்சு. இதே வசனத்தை 2009-ல நானும் கேட்டிருக்கேன். நம்பர்தான் வேற. அன்னிக்கு 6 பழசு, 12 புதுசு. இன்னிக்கு 24 பழசு, 32 புதுசு. நம்ம தலையை அம்மியாக்கி மொளகா அரைக்கிற தொழில் மட்டும் இத்தனை வருஷமா அப்படியே நடக்குது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், காபி கீபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2009 ஆவணியில தங்கச்சி கல்யாணம், கோவில்பட்டியில. அதுக்காகவே சென்னையில ஒரு பெரிய கடையில போய் நின்னேன். (கடை பேரு வேணாம், அந்த விற்பனைப் பையன் மேல இப்ப எனக்குக் கோவமும் இல்ல.) ரெண்டு கேமரா எடுத்து வெச்சான். ஒண்ணு 6 மெகாபிக்ஸல், தடிமனா, கருப்பா, பார்க்க அவ்வளவு லட்சணமா இல்ல. இன்னொண்ணு 12 மெகாபிக்ஸல், சட்டைப் பையில சொருகலாம், வெள்ளிக் கலர்ல பளபளன்னு. "சார், 6-ஐ விட 12 ரெண்டு மடங்கு நல்லா வரும் சார்"னான். கணக்கு வாத்தியார் பையனான நானும், 12 வகுத்தல் 6 ஈக்குவல் டு 2 தானேன்னு நம்பி பதினாலாயிரத்தை எண்ணி வெச்சுட்டு வந்தேன்.

அதிகாலை முகூர்த்தம். நாலு மணிக்கே மண்டபத்துப் பின்னாடி அடுப்படியில அப்பா இருந்தாரு. கவுத்து வெச்ச அண்டா மேல உக்காந்து, டம்ளர்ல காபி. தவசுப்பிள்ளை ஏதோ சொல்ல, அப்பா தலையைப் பின்னால சாச்சு சிரிக்கிறாரு. எங்கப்பாவைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை புரியும். மனுஷன் கேமராவைக் கண்டா போலீஸ்காரனைக் கண்ட மாதிரி விறைச்சுப் போயிருவாரு. கல்யாண ஆல்பத்துல பூரா மேடையில காவலுக்கு நிக்கிற மாதிரிதான் நிக்கிறாரு. நான் அடுப்படியில எடுத்தது அவருக்கே தெரியாம எடுத்தது. ஒரு டியூப்லைட்டு, மிச்சத்துக்கு விறகடுப்பு வெளிச்சம். பிளாஷ் போட்டா புகையில பட்டு படம் பூரா வெள்ளையாப் போகுதுன்னு அதை அணைச்சுட்டு எடுத்தேன்.

கேமராவோட குட்டித் திரையில பார்த்தப்ப பிரமாதமா இருந்துச்சு.

அப்பா 2012-ல போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேணும்னு சொன்னாங்க. நான்தான், "எங்கிட்ட சிரிச்ச மாதிரி ஒரு படம் இருக்கு, அதைப் போடுவோம்"னு மார் தட்டிட்டு பென் டிரைவைத் தூக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். 12-க்கு 15 அங்குலம் பிரேம். கணக்குப்படி 12 மெகாபிக்ஸலுக்கு அது தாராளமா வரணும். ஸ்டூடியோ அண்ணாச்சி படத்தைப் பெருசு பண்ணிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா, "தம்பி, இதுல கண்ணு எங்க இருக்கு?"ன்னாரு.

இல்ல. கண்ணு இருந்த இடத்துல ரெண்டு பழுப்புக் கறை. மீசை ஒரு தீத்தல். நெத்திச் சுருக்கத்தை எல்லாம் ஈரத்துணி வெச்சுத் தொடைச்ச மாதிரி கேமராவே தொடைச்சு விட்டிருந்துச்சு. படத்தோட விவரத்தைத் தொறந்து பார்த்தா ஐ.எஸ்.ஓ 1600, ஷட்டர் 1/15 விநாடி. ஆனா பைல் மட்டும் 4 எம்.பி. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி இருக்கு, எங்கப்பா இல்ல.

கடைசியில எதுக்கோ எடுத்து வெச்சிருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைத்தான் பெருசு பண்ணிப் போட்டோம். இன்னிக்கும் ஊர்ல சொவத்துல அதுதான் தொங்குது. தங்கச்சி பொண்ணு, தாத்தாவைக் கைக்குழந்தையிலதான் பார்த்தது, ஞாபகம் கிடையாது. ஒருநா எங்கிட்ட கேட்டா, "தாத்தா ரொம்பக் கோவக்காரரா மாமா?"

இதுல இன்னொரு கொடுமையும் உண்டு. அதே கல்யாணத்துக்கு எங்கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் நிக்கான் டி40 தூக்கிட்டு வந்திருந்தாரு. 2006-ல வந்த மாடல், 6.1 மெகாபிக்ஸல். என்னுதுல பாதி. அதுல ஒரு 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. "பாவம், பழைய கேமரா"ன்னு உள்ளுக்குள்ள நக்கலா நெனச்சேன், ஒத்துக்கிறேன். அவரு அதே அடுப்படியில, அதே டியூப்லைட்டுல, தவசுப்பிள்ளை அடுப்பு ஊதுறதை எடுத்திருந்தாரு. பெருசு பண்ணிப் பார்த்தா புருவத்துல ஒட்டின சாம்பல் தெரியுது. அவரு அந்தப் பக்கம் திரும்பி அப்பாவை ஒண்ணு எடுத்திருக்கலாம். எடுக்கல. எடுக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து, பையன் நான் பக்கத்துலயே 12 மெகாபிக்ஸல் வெச்சுட்டு நிக்கிறப்ப?

சரி, அழுகாச்சி போதும். ஏன் இப்படி ஆச்சுன்னு பார்ப்போம்.

கேமராவுக்குள்ள வெளிச்சம் வந்து விழுற சில்லுக்குப் பேரு சென்சார். என்னோட பளபளா கேமராவுல இருந்தது 1/2.3 அங்குல சென்சார்ங்குற ரகம். பேரைப் பார்த்து அரை அங்குலம் போலன்னு ஏமாந்துராதீங்க. அந்தக் காலத்து டிவி கேமராவுல இருந்த கண்ணாடிக் குழாயோட வெளி விட்டத்தை வெச்சு வந்த கணக்கு அது, நிஜ அளவுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. நிஜத்துல அது சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. சுண்டு விரல் நகத்துல பாதி கூடத் தேறாது. 28 சதுர மி.மீ.ன்னு வெச்சுக்குங்க. நண்பரோட டி40-ல இருந்தது ஏபிஎஸ்-சிங்குற அளவு, சுமார் 23.7-க்கு 15.6 மி.மீ. சின்ன தபால்தலை மாதிரி. சதுரக் கணக்குல பார்த்தா 370-ஐ ஒட்டி வரும். அதாவது பதிமூணு மடங்கு பெரிய இடம்.

நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா சென்சார்ங்குறது மனை, மெகாபிக்ஸல்ங்குறது அதுல கட்டுற பிளாட்டு. அரை கிரவுண்டுல ஆறு வீடு கட்டுனவன், அடுத்த வருஷம் அதே அரை கிரவுண்டுல பன்னெண்டு கட்டிட்டு "ரெண்டு மடங்கு வீடுங்க"ன்னு நோட்டீஸ் அடிக்கிறான். எண்ணிக்கை ரெண்டு மடங்குதான், பொய் இல்ல. உள்ள போனா கட்டிலைப் போட்டுட்டுக் கதவைச் சாத்த முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் வந்து சேர்ற வெளிச்சம் கம்மி. வெளிச்சம் கம்மியானா படத்துல மணல் தூவுன மாதிரி புள்ளிப்புள்ளியா இரைச்சல். அந்த மணலை மறைக்க கேமரா உள்ளுக்குள்ளயே படத்தைத் தேய்ச்சு மெழுகுது. மணலோட சேர்ந்து அப்பாவோட கண்ணும் மெழுகப்பட்டது அப்படித்தான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும், இல்லேன்னா விவரம் தெரிஞ்ச யாராவது வந்து என்னை உரிச்சுடுவாங்க. மெகாபிக்ஸல் கூடுறது தன்னால ஒரு பாவமும் இல்ல. மனை பெருசா இருந்தா 24 என்ன, 45 கூட கட்டிக்கலாம். 24 பிக்ஸல் படத்தைச் சுருக்கி 6 ஆக்கிப் பார்த்தா இரைச்சலும் கூடவே அமுங்கிரும். இப்ப வர்ற சென்சார்கள் 2009-ஐ விட ரொம்பவே தேறிடுச்சு. என் சண்டை நம்பர்கூட இல்ல. மனை அளவைச் சொல்லாம பிளாட் எண்ணிக்கையை மட்டும் சொல்லி விக்கிறானே, அவன்கூட.

இது எனக்கு மட்டும் வந்த ஞானோதயம்னு நெனைக்காதீங்க. செய்யுறவங்களுக்கே தெரியும். 2008-ல கேனான் பவர்ஷாட் ஜி10-ஐ 14.7 மெகாபிக்ஸலோட விட்டாங்க. அடுத்த வருஷமே, 2009-ல, ஜி11. எத்தனை தெரியுமா? 10. புது மாடல்ல நம்பரைக் குறைச்சாங்க சாமி! 2006-ல புஜிபிலிம் எஃப்30 வெறும் 6.3 மெகாபிக்ஸல்தான், இருட்டுல அது எடுத்த படத்துக்காகவே பல வருஷம் கழிச்சும் ஆளுங்க தேடிட்டு அலைஞ்சாங்க. சோனி 2014-ல ஏ7எஸ்-னு ஒண்ணு விட்டாங்க. 36-க்கு 24 மி.மீ. முழு பிரேம் சென்சார், மனை பெருசு, கட்டுனது 12 வீடுதான். இருட்டுல படம் பிடிக்கிறவங்க கொண்டாடினாங்க. ஐபோனைப் பாருங்க, 2015-ல 6எஸ் வந்ததுல இருந்து 2021-ல 13 வந்த வரைக்கும் பின்னாடி முக்கியக் கேமரா 12 மெகாபிக்ஸல்லயே நின்னுச்சு. அந்த 12-ஐ வெச்சே வருஷா வருஷம் படம் நல்லாயிட்டே வந்துச்சு.

இன்னொரு பக்கம் 2023-ல சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவுல 200 மெகாபிக்ஸல். ஆனா நீங்க சும்மா எடுத்தா பதினாறு புள்ளியை ஒண்ணாச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படமாத்தான் கொடுக்கும். பதினாறு பிளாட்டோட சொவத்தை இடிச்சு ஒரு வீடாக்குற கதை. அது தப்பான தொழில்நுட்பம் இல்ல, வேலை செய்யுது. ஆனா டப்பா மேல 12-ன்னு எழுதினா யாரு வாங்குவா?

சரி, நமக்கு எத்தனைதான் தேவை? நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வெச்சாலும் 1200-க்கு 1800. அதாவது ரெண்டு மெகாபிக்ஸல் சொச்சம். வீட்டுல 4கே டிவி இருந்தா அதோட மொத்தப் புள்ளியே 83 லட்சம், எட்டு மெகாபிக்ஸல். குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டா அது வேற தன் பங்குக்கு நசுக்கித்தான் அனுப்பும். இதுல 24 பழசாம், 32 வேணுமாம். படத்தோட அகலத்துல பார்த்தா 24-க்கும் 32-க்கும் வித்தியாசம் நூத்துக்குப் பதினஞ்சுதான். அகலம் ரெண்டு மடங்காகணும்னா 24-ல இருந்து 96-க்குப் போகணும். "12-ன்னா ரெண்டு மடங்கு"ன்னு அன்னிக்குச் சொன்னானே, அந்தக் கணக்கே தப்பு. கணக்கு வாத்தியார் பையனுக்கு அன்னிக்கு அது ஒறைக்கல.

இப்ப நான் நெஜமா திட்ட வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். லென்ஸு.

கடையில போய் நின்னீங்கன்னா கேமராவோட ஒரு லென்ஸ் சேர்த்தேதான் டப்பாவுல வரும், கிட் லென்ஸ். பழைய எஸ்.எல்.ஆர். காலத்துல அது 18-55, எஃப் 3.5-5.6. அதுவே இருட்டுல திணறும். இப்ப கேனான் ஆர்50 (2023-ல வந்தது) கூட வர்ற 18-45 லென்ஸைப் பாருங்க, எஃப் 4.5-6.3. இந்த எஃப் நம்பர் கூடக் கூட ஓட்டை சின்னதுன்னு அர்த்தம். கேமரா புதுசு, சென்சார் புதுசு, கண்ணைத் தேடிப் பிடிக்கிற புத்தி புதுசு, வாசக்கதவு மட்டும் பழசை விடக் குறுகல்! எஃப் 1.8 லென்ஸ் உள்ள விடுற வெளிச்சம் எஃப் 6.3-ஐ விட பன்னெண்டு மடங்கு. மடங்கு மக்கா, சதவீதம் இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள்ள புள்ள தவழ்றதை எடுக்கப் போறவனுக்கு அதுதான் உசுரு. கிட் லென்ஸுல ஐ.எஸ்.ஓ 12800-க்கு ஓடுற அதே படம், எஃப் 1.8-ல ஆயிரத்தை ஒட்டி நிக்கும்.

ஆனா எந்தக் கடையிலயாவது விற்பனைப் பையன் "சார், கிட் லென்ஸ் வேணாம், பாடியும் ஒரு எஃப் 1.8 லென்ஸும் எடுத்துக்குங்க"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எனக்கு இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஒருத்தன் சொல்லல. பை தர்றேன், டிரைபாட் தர்றேன், திரைக்கு ஒட்டுற கண்ணாடி தர்றேன், கூட ரெண்டு வருஷ வாரண்டி போட்டுத் தர்றேன்னு காம்போ காம்போவா வரும். அந்த டிரைபாட் இருக்கே, காத்தடிச்சா கேமராவுக்கு முன்னாடி அது விழும். இந்தச் சில்லறையெல்லாம் கூட்டினா பாதி லென்ஸ் வாங்கிடலாம்.

ஜூம் பைத்தியம் தனி. "சார், 125 மடங்கு ஜூம்!" 2018-ல வந்த நிக்கான் பி1000 அது. நிலாவுல இருக்கிற பள்ளம் தெரியும், வேடந்தாங்கல்ல நல்ல வெயில்ல தூரத்துக் கூழைக்கடா தெரியும். அதுக்குன்னே வாங்குறவங்க தாராளமா வாங்குங்க. ஆனா உள்ள இருக்கிறது அதே 1/2.3 அங்குலம்தான். ஜூமை முழுசா நீட்டினா எஃப் 8. அதை வெச்சு மண்டபத்துல வளைகாப்பு எடுக்கிறது, நார்த்தங்கா ஊறுகாயை வெச்சுப் பாயசம் குடிக்கிற மாதிரி.

"போனே போதுமே, எதுக்கு இவ்வளவு பேச்சு?"ன்னு ஒரு கோஷ்டி வரும். தெரியும், எங்க வீட்டுத் தங்கமணியே அந்தக் கட்சிதான். அவங்க சொல்றதுல பாதிக்கு மேல உண்மை. பகல்ல, அசையாத விஷயத்துக்கு, இன்னிக்கு நல்ல போனை அடிச்சுக்க ஆளில்ல. 2010-ல உலகம் பூரா கம்பெனிங்க அனுப்பின டிஜிட்டல் கேமரா சுமார் 12 கோடி. 2023-ல அது 80 லட்சத்துக்கும் கீழ. சும்மாவா கீழ வந்துச்சு? என்னோட பளபளாவை மாதிரி நகத்துண்டு சென்சார் கேமராவை எல்லாம் போன் முழுங்கிருச்சு, முழுங்கினது நியாயம்தான். ஆனா போன் இருட்டுல எப்படி ஜெயிக்குது? பல படத்தைப் பட்டுபட்டுன்னு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குது. கோபுரம் அசையாம நிக்கும், அடுக்கிடலாம். ஒரு வயசுப் புள்ள நிக்குமா? அடுக்கு கலைஞ்சுதான் சித்தி பையன் சொன்ன மெழுகுபொம்மை வருது. ஆக, பெரிய மனையும் பெரிய கதவும் இருக்கிற கேமரா மட்டும் வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லேன்னா காசைப் புள்ள பேர்ல போஸ்டாபீஸ்ல போடுங்க. நடுவுல இருக்கிற எதையும் தொடாதீங்க.

வாங்கின பிறகு தூக்கிட்டுப் போவீங்களான்னும் யோசிங்க. இதைப் படிக்கிற எத்தனை பேரு வீட்டு பீரோவுல எஸ்.எல்.ஆர். தூங்குதுன்னு எனக்குத் தெரியும்லே. ஹிஹி. கனத்தைத் தூக்க சோம்பல்னா சோனி ஆர்எக்ஸ்100 வகையறா இருக்கு. 2012-ல ஆரம்பிச்ச வரிசை, ஒரு அங்குல சென்சார்னு பேரு. (நெஜத்துல 13.2-க்கு 8.8 மி.மீ. அதே டிவி குழாய் கணக்குதான்!) என் பளபளாவை விட நாலு மடங்கு மனை, அதே சட்டைப் பை. பழசா நல்ல நிலைமையில கிடைச்சா யோசிக்கலாம்.

அப்ப சித்தி பையனுக்கு என்ன சொன்னேன்?

"டேய், எந்தக் கேமரா நல்லதுன்னு கேக்காத. எந்த வெளிச்சத்துல எடுக்கப் போறேன்னு சொல்லு"ன்னேன். ராத்திரி, வீட்டுக்குள்ள, டியூப்லைட்டு. பத்துக்குப் பத்து ரூம்பு. முடிஞ்சது கதை. கம்பெனிங்க எல்லாம் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, அதான் மிரர்லெஸ்ஸு, தாவினதால பழைய எஸ்.எல்.ஆர். எல்லாம் செகண்ட் ஹேண்டுல இறங்கிக் கெடக்குது. நிக்கான் டி5600, 2016 மாடல், லென்ஸ் இல்லாம வெறும் பாடி. அதுல 35 மி.மீ. எஃப் 1.8 ஜி. ஏன் 50 இல்ல, 35? ஏபிஎஸ்-சி சென்சார்ல 50 மி.மீ. போட்டா 75 மாதிரி நெருங்கிரும். பத்துக்குப் பத்து ரூம்புல புள்ளையோட முழு உருவம் எடுக்க நீ பின்னாடி போய்ப் போய் சொவத்தை இடிச்சுட்டு பால்கனியில நிப்ப. 35-ன்னா கிட்டத்தட்ட நம்ம கண்ணு பார்க்கிற மாதிரி.

இதுல ஒரு கண்ணிவெடி உண்டு, கவனிங்க. நிக்கான்ல டி40-ல ஆரம்பிச்சு டி3000, டி5000 வரிசை எதுக்கும் பாடிக்குள்ள போகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் பேருல ஏஎஃப்-எஸ் இல்லேன்னா ஏஎஃப்-பி-ன்னு இருக்கணும். வெறும் "ஏஎஃப் டி"ன்னு பழசு ஒண்ணை மலிவா தள்ளிவிடப் பார்ப்பாங்க, வாங்கினா வாழ்நாள் பூரா கையால திருகிட்டு இருக்கணும். நம்ம டி40 நண்பர் அன்னிக்கு அடுப்படியில அப்படித்தான் திருகிட்டு இருந்தாரு. அவருக்குக் கை பழகினது, தவழ்ற புள்ளைக்கு அது ஆகாது.

பழசு பார்க்கிறப்ப டார்ச் எடுத்துட்டுப் போ, லென்ஸுக்குள்ள அடிச்சுப் பாருன்னு சொன்னேன். சிலந்தி வலை மாதிரி நூல்நூலா தெரிஞ்சா பூஞ்சை. சென்னை ஈரத்துக்கு இது சர்வ சாதாரணம். எஃப் 16 வெச்சு வானத்தை ஒண்ணு எடு, சென்சார்ல தூசி இருந்தா கருப்புப் புள்ளியாக் காட்டிக் கொடுத்துரும். ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளு, இருபதாயிரம் முப்பதாயிரம்னா கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகாத வீட்டுக் கேமரான்னு தைரியமா எடுக்கலாம்.

"புதுசுதான் வேணும்ணே, வாரண்டி இருக்கணும்"னு இழுத்தான். அதுவும் தப்பில்ல. புது மிரர்லெஸ்ல ஒரு விஷயம் நெஜமாவே முன்னேறிடுச்சு, கண்ணைப் பிடிச்சு போகஸ் பண்றது. ஓடுற புள்ளைக்கு அது பெரிய வரப்பிரசாதம், பழைய எஸ்.எல்.ஆர். அதுல தோத்துதான் போகும். அப்படி வாங்கினா பாடியோட அன்னிக்கே எஃப் 1.8 லென்ஸும் வாங்கு, கிட் லென்ஸ் போதும் பிறகு பார்த்துக்கலாம்னு வராதன்னேன். பிறகுங்குறது வராது. என் வீட்டுக்கு வரல.

அவன் செகண்ட் ஹேண்டுக்கே போனான். அறுபதுல லென்ஸு, கூட ஒரு பேட்டரி எல்லாம் போக மிச்சமும் இருந்துச்சு. நேத்து ராத்திரி வாட்ஸப்புல படம் வந்துச்சு. புள்ளதான் இன்னும் பொறக்கலையே, சோதனைக்கு எங்க சித்தப்பாவை உக்கார வெச்சு எடுத்திருக்கான். டியூப்லைட்டு வெளிச்சம், கையில முறுக்கு, யாரையோ திட்டிட்டே சிரிக்கிறாரு. கண்ணாடிக்குள்ள கண்ணு, அந்தக் கண்ணுக்குள்ள டியூப்லைட்டோட கோடு. சித்தப்பா சாயல்ல எங்கப்பாதான். கொஞ்ச நேரம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்துட்டே இருந்தேன்.

"பிரிண்ட் போட்டு வைடா"ன்னு மட்டும் பதில் போட்டேன்.

பி.கு 1: எங்க தங்கச்சி பொண்ணு, இப்ப பத்தாவது. போன மாசம் ஊருக்குப் போனப்ப, "மாமா, உங்ககிட்ட பழைய டிஜிகேம் இருக்காமே? தாங்க, அந்த எஃபெக்டுதான் இப்ப டிரெண்டு"ன்னு அந்தப் பளபளாவை வாங்கிட்டுப் போயிட்டா. எந்த மெழுகலுக்காக நான் இத்தனை வருஷம் புலம்புறேனோ அதுதான் பேஷனாம். அவளுக்குச் சும்மா கிடைச்சுது, சரி. ஆனா இந்த மோகத்துல பழைய கேமராவுக்குக் கண்ட வெலை கொடுத்து வாங்காதீங்க புள்ளைங்களா. பல பழசுக்கு இப்ப கார்டே கிடைக்காது, எக்ஸ்டி கார்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, அது போய் ரொம்ப நாளாச்சு. எஸ்டி போடுறதா இருந்தாலும் 2006-க்கு முந்தின கேமரா பலதும் 2 ஜிபிக்கு மேல கண்டுக்காது.

பி.கு 2: வாங்கினதை அந்தத் தோல் பைக்குள்ள போட்டு பீரோவுல பூட்டாதீங்க. காத்து புகாத டப்பா, உள்ள சிலிகா ஜெல் பொட்டலம், மாசம் ஒருக்கா வெளிய எடுத்து நாலு படம். எங்க வீட்டு முறுக்கு டப்பா அதுக்குத்தான் போயிருக்கு. தங்கமணிக்கு இன்னும் தெரியாது.